குதிரைக்கும் ஆஸ்துமா வருமா? மருந்தை விட முக்கியம் லாயத்துக் காற்று!

காய்ச்சல் இல்லை. தீனியும் வழக்கம்போல எடுக்கிறது. ஆனா ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் ரெண்டு இருமல். 'தூசி பட்டிருக்கும்' என்று பலரும் விட்டுவிடுவார்கள். குதிரை ஆஸ்துமா கவனிக்கப்படாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

குதிரைக்கு ஆஸ்துமாவா?

ஆமாம். இந்த நோய்க்கு முன்பு பல பெயர்கள் இருந்தன. மனிதர்களுக்கு வரும் ஆஸ்துமாவோடு ஒத்துப்போவதால், 2016-ல் கால்நடை மருத்துவ நிபுணர்கள் 'குதிரை ஆஸ்துமா' என்ற பொதுப் பெயரைப் பரிந்துரைத்தனர். லேசான வகை எந்த வயதிலும் வரலாம். தீவிர வகை பொதுவாக 7 வயதைத் தாண்டிய குதிரைகளைத் தாக்கும். இது தொற்றுநோய் அல்ல.

என்ன காரணம்?

குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்கப் பல குதிரைகளுக்கு லாயம்தான் வீடு, காய்ந்த புல்தான் தீனி. ஈரம் போகாமல் கட்டி வைத்த புல்லில் பூஞ்சை பிடிக்கும். குதிரை அதற்குள் மூக்கை நுழைத்துத் தின்னும்போது, தூசியும் பூஞ்சை வித்துகளும் நுரையீரலுக்குப் போகின்றன. மூச்சுக்குழாய் வீங்கி, சளி சேர்ந்து, பாதை சுருங்குகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும். சும்மா நிற்கும்போதே மூச்சு வேகமாகி, நாசி விரிந்து, காற்றை வெளியே தள்ள வயிற்றை எக்கினால் அது அவசர நிலை. உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

மருந்து போதுமா?

போதாது. ஸ்டீராய்டு, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, நாசியில் வைக்கும் இன்ஹேலர் எல்லாம் இருக்கு. ஆனா லாயத்தில் தூசி அப்படியே இருந்தா, மருந்தை நிறுத்தியதும் இருமல் திரும்பிவிடும்.

செய்ய வேண்டியவை:

• புல்லைத் தண்ணீரில் நனைத்தோ நீராவி காட்டியோ கொடுக்கணும்.
• படுக்கைக்கு வைக்கோல் வேண்டாம்; தூசி குறைந்த மரச்சீவல் நல்லது.
• லாயத்தைக் கூட்டும்போது குதிரையை வெளியே கட்டணும்.
• முடிந்தவரை திறந்த வெளியில் மேயவிடணும்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா, லூசியானா போன்ற வெப்பமும் ஈரமும் நிறைந்த பகுதிகளில், கோடையில் மேய்ச்சல் நிலமே சில குதிரைகளுக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். அவற்றுக்குத் தூசி இல்லாத லாயம்தான் பாதுகாப்பு.

பந்தயக் குதிரை என்றால் கூடுதல் கவனம் தேவை. இந்த மருந்துகளில் பல, போட்டி நாளில் உடலில் இருக்கக் கூடாதவை. எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யணும்.

தீவிர ஆஸ்துமா முழுசா குணமாகாது. ஆனா தூசியைக் குறைத்தால் குதிரை பல வருஷம் சிரமமின்றி மூச்சுவிட முடியும். அந்த ரெண்டு இருமலை அலட்சியப்படுத்தாமல் இருப்பதுதான் முதல் படி.