பிணை மறுக்கப்பட்ட பிறகு தொடங்கும் வழக்கு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை சுமக்கும் பெண் ஒருவர் எங்களிடம் வந்தார். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கியதாக அவர் அளித்த புகாரில் கைதானவருக்குச் சிறப்பு நீதிமன்றம் பிணை மறுத்திருந்தது. தெருவே அதை வெற்றியாகக் கொண்டாடியது. சில வாரங்களில் அதே நபர் தேநீர்க் கடை வாசலில் நிற்பதைக் கண்ட பிறகே, மேல்முறையீட்டில் பிணை கிடைத்த செய்தி அவருக்குத் தெரிந்தது. அறிவிப்பு அனுப்பப்பட்டதாக ஆவணம் சொல்கிறது. விடியுமுன் ஏலத்துக்குப் போய்விடும் அவருடைய பூட்டிய வீட்டு வாசலோடு அது நின்றுபோயிருந்தது.

பிணை மறுப்பு என்பது வழக்கின் ஒரு கட்டம் மட்டுமே என்பதை நம் தோழர்கள் பலரும் உணர்வதில்லை. பொதுவான குற்ற வழக்குகளில் அமர்வு நீதிமன்றம் பிணை மறுத்தால், எதிரி உயர் நீதிமன்றத்தில் புதிதாகவே ஒரு பிணை மனுவைத் தாக்கல் செய்யலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 14ஏ இந்த வழியை மாற்றியது. சிறப்பு நீதிமன்றம் பிணை வழங்கினாலும் மறுத்தாலும் அவ்வாணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடுதான் செய்ய வேண்டும். அதற்குக் காலம் 90 நாள். பாதிக்கப்பட்டவருக்கும் இதே வாசல் திறந்திருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சிறப்பு நீதிமன்றம் பிணை வழங்கிவிட்டால் அவரும் இப்பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

புதிய மனுவுக்கும் மேல்முறையீட்டுக்கும் உள்ள வேறுபாடு சொல்லில் மட்டும் இல்லை. மேல்முறையீட்டில் கீழ் நீதிமன்றத்தின் ஆணையே ஆய்வுக்கு வருகிறது. ‘குற்றத்தின் தன்மை கருதி மனு தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்று ஒற்றை வரியில் முடியும் ஆணை அங்கே நெடுநேரம் தாங்காது. சாட்சிகள் எதிரியின் தெருவிலேயே குடியிருக்கிறார்கள், புகாருக்குப் பின் இன்ன நாளில் மிரட்டல் வந்தது, சமரசம் பேச இன்னின்னார் வந்தார்கள் என்பவை எழுத்துவடிவ ஆட்சேபணையாகப் பதிவாகி, ஆணையிலும் இடம்பெற்றிருந்தால் நிலைமை வேறு. ஆகவே மேல்முறையீட்டுக்கான ஆயத்தம் சிறப்பு நீதிமன்றத்தில் முதல் பிணை மனு வரும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அரசு வழக்கறிஞர் ‘கடும் ஆட்சேபணை’ என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இருந்துவிடுவது நாம் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை.

பிரிவு 15ஏ பாதிக்கப்பட்டவருக்கு இரண்டு உரிமைகளைத் தருகிறது. பிணை உள்ளிட்ட எந்த நடவடிக்கை குறித்தும் உரிய நேரத்தில் துல்லியமான அறிவிப்பு பெறுவது ஒன்று; அதில் தம் தரப்பைச் சொல்வது மற்றொன்று. ஹரிராம் பாம்பி வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இவை கட்டாயமானவை என்று தீர்ப்பளித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு அறிவிப்பு தராமல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் வழங்கிய பிணையை ரத்து செய்தது. பின்னர் பிணை ரத்து மனுவில் கேட்டுக்கொண்டால் முதலில் நேர்ந்த குறை சரியாகிவிடும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. காசிமேட்டுப் பெண்ணுக்குக் காகிதத்தில் கிடைத்தது ‘அறிவிப்பு’. சட்டம் கேட்பது அவர் கைக்கு எட்டும் அறிவிப்பு.

வெளியே வந்த எதிரி என்ன செய்வார் என்ற கேள்வி கற்பனையானதன்று. 2015 ஜூனில் கொல்லப்பட்ட பொறியியல் மாணவர் கோகுல்ராஜ் வழக்கில் யுவராஜுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் வழங்கிய பிணையை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் ரத்து செய்தது. அவ்வளவுக்குப் பிறகும் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். கோகுல்ராஜின் தாயார் சித்ராவின் விடாமுயற்சியால் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இங்கே எங்களுக்குள்ளும் ஒரு தயக்கம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இந்தியச் சிறைகளின் விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். வடசென்னை இளைஞர்களுக்காகப் பிணை கேட்டு வாதாடுவது எங்கள் அன்றாட வேலை. பிணையே விதி என்று அங்கே பேசிவிட்டு, இங்கே சிறையே விதி என்று பேச எங்களால் இயலாது. எதிரியைத் தீர்ப்புக்கு முன்பே தண்டிக்க வேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. சாட்சி சொல்ல வேண்டியவரின் அச்சம் நீதிபதியின் காதில் விழாமல் அந்த முடிவு எடுக்கப்படக் கூடாது என்கிறோம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. விசாரணையை 60 நாளில் முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்கின்றன விதிகள். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, சென்னையில் உதவி ஆணையர், விசாரிக்க வேண்டும். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் எதிரி பிணையை உரிமையாகவே கேட்டுப் பெறலாம். அப்போது எவ்வளவு வலுவான மறுப்பாணையும் பயனற்றுப்போகும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் இந்தக் கெடு ஓடினால் கேட்கவே வேண்டாம். கூடை சுமப்போருக்கு அப்போது வேலை இல்லை. சமரசத் தொகையோடு ஆள் வருவதும் அப்போதுதான்.

உதவி ஆணையருக்கு எழுதும் மனுக்களில் நாள் எண்ணிக்கையை நாங்கள் இப்போது முதல் வரியிலேயே குறிப்பிடுகிறோம். அந்தப் பெண்ணின் வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. அறிவிப்பு எதுவானாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கொண்டுவர வேண்டும் என்று அவர் எழுதித் தந்திருக்கிறார். தம் அலைபேசி எண்ணோடு மகளின் எண்ணையும் சேர்த்து.