குழந்தையோடு விமானம் ஏறணுமா? டிக்கெட்டுக்கு முன்னால் பிறப்புப் பத்திரத்தைப் பாருங்க

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. தாப்பாவில் இருக்கும் அண்ணன் குடும்பம் கோத்தா கினபாலு போகலாம் என்கிறது. அம்மாவுக்கோ பேரப்பிள்ளையைத் திருச்சிப் பக்கம் கூட்டிட்டுப் போய் குலதெய்வக் கோவிலில் மொட்டை போடணும். வீட்டில் போனும் கையுமாக இருப்பவர் நீங்கள்தான். அதனால் டிக்கெட் போடும் வேலை உங்கள் தலையில் விழும்.

"சின்னப் பிள்ளைதானே, யாரு கேட்கப் போறா?" என்று மட்டும் நினைக்காதீங்க. கேட்பாங்க.

உள்நாட்டுப் பயணத்துக்கு என்ன வேண்டும்?

12 வயதுக்கு உட்பட்ட மலேசியக் குழந்தைக்கு மைகிட் அல்லது பிறப்புப் பத்திரம். முடிந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மைகிட்டில் புகைப்படம் கிடையாது, கைரேகையும் கிடையாது. இது யாருடைய பிள்ளை என்று காட்டுவது பிறப்புப் பத்திரம்தான். போட்டோஸ்டாட் வேண்டாம், அசலைக் கொண்டு போங்க.

பிள்ளைக்கு 12 வயது ஆகிவிட்டதா? 30 நாளுக்குள் மைகார்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சபாவும் சரவாக்கும் உள்நாடுதான். ஆனாலும் தீபகற்பத்திலிருந்து போகிறவர்களை அங்கே குடிநுழைவு முகப்பில் சோதிப்பார்கள். அந்த இரு மாநிலங்களுக்கும் அந்த அதிகாரம் சட்டப்படி உண்டு. குழந்தைக்கும் இதில் விலக்கு இல்லை.

வெளிநாடு என்றால்?

மடியில் உட்காரும் கைக்குழந்தைக்கும் சொந்தக் கடப்பிதழ் வேண்டும். அம்மா கடப்பிதழில் பிள்ளையின் பெயரைச் சேர்க்கும் பழைய வழக்கம் இப்போது இல்லை. 12 வயது வரை கட்டணம் 100 ரிங்கிட், பெரியவர்களுக்கு 200. இந்தியா போவதானால் குழந்தைக்கும் தனி விசா எடுக்கணும்.

டிக்கெட்டில் பெயரின் எழுத்துகள் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுடாதீங்க. அப்பாவோ அம்மாவோ தனியாகப் பிள்ளையைக் கூட்டிப் போனால், மற்றவரின் சம்மதக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. தாத்தா பாட்டி கூட்டிப் போனாலும் அப்படித்தான்.

அந்த ஒரு வரி

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடிய காரியங்கள். ஆனால் சில குடும்பங்களுக்குச் சிக்கல் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. பிறப்புப் பத்திரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதில் குடியுரிமை பற்றிய வரியைப் படியுங்கள். 'வார்காநெகாரா' என்று இருந்தால் நிம்மதி. 'புக்கான் வார்காநெகாரா' என்று இருந்தால், அந்தப் பிள்ளைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது.

இங்கேயே பிறந்த பிள்ளைக்கு எப்படி இப்படி ஆகும்? நம் பழைய ரப்பர் தோட்டங்களை நினைத்துப் பாருங்க. கோவிலில் தாலி கட்டியாச்சு, ஊருக்கே சாப்பாடு போட்டாச்சு, ஆனால் பதிவு மட்டும் நடக்கவில்லை. 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவாக வேண்டும். பதிவாகாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை, அரசியலமைப்புப்படி தாயைப் பொறுத்தே முடிவாகும். தாய் வெளிநாட்டவராக இருந்தால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. பிறகு போய்த் திருமணத்தைப் பதிவு செய்தாலும் அது தானாகச் சரியாகிவிடாது.

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுக் கதை இல்லை. இந்தியர்களின் ஆவணச் சிக்கலுக்காகவே 2011-இல் அரசாங்கம் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை நடத்த வேண்டி வந்தது.

இப்போ என்ன செய்யணும்?

பிள்ளை பிறந்தால், தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் நண்பர்களிடம் கோவில் சடங்கோடு பதிவையும் முடிக்கச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் சிக்கல் இருந்தால், தேசியப் பதிவுத் துறை வழியாக அரசியலமைப்பின் 15(2) அல்லது 15ஏ பிரிவின் கீழ்க் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். "பிள்ளை வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் தள்ளிப்போடாதீங்க. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், இந்த விண்ணப்பங்களுக்கான வயது வரம்பை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது. அதாவது, கையில் இருக்கும் காலத்தில் மூன்று வருடம் குறைகிறது.

மலிவு டிக்கெட் இன்னொரு நாள் வரும். இன்றைக்கு ராத்திரி அலமாரியைத் திறந்து அந்தப் பத்திரத்தை எடுங்கள். மலாய் படிக்கச் சிரமப்படும் பாட்டிக்கு அந்த ஒரு வரியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.