படம் ஓடட்டும், பூட்டு வெளியே இருக்கட்டும்

2014 மே 14 அன்று மொசில்லா ஒரு கசப்பான முடிவை அறிவித்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் டிஆர்எம் எனப்படும் எண்ணிமப் பூட்டுக்கு இடம் தரப்போகிறோம், எங்களுக்கு இதில் உடன்பாடில்லை, ஆனாலும் வேறு வழியில்லை என்பது அறிவிப்பின் சாரம். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அன்றே கண்டித்தது. மொசில்லா போட்ட கணக்கு எளிமையானது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றும் தத்தம் உலாவிகளில் அந்தப் பூட்டைப் பொருத்தத் தொடங்கிவிட்டன. நெட்ஃப்ளிக்ஸ் ஓடாத உலாவியை மக்கள் கைவிட்டுவிடுவார்கள். போனவர்களைத் திரும்ப அழைத்துவருவது சுலபமில்லை.

மொசில்லாவின் சங்கடம் மொசில்லாவோடு நிற்கவில்லை. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமையோடு எழுதப்படும் எல்லா மீடியா மென்பொருள்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி சேவைகளுக்கு அவை இடம் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பதே நம் நிலை. ஆனால் அந்தச் சேவைகளின் சார்பில் தன் பயனர்மேல் காவல் வைக்கும் வேலையை எந்தக் கட்டற்ற மென்பொருளும் ஏற்கக்கூடாது.

இலக்கியமும் சினிமாவும் பேசும் சிற்றிதழுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். ஓடிடியில் ஓடும் படத்திலிருந்து ஒரு படச்சட்டத்தை எடுக்க முயன்றவர்களுக்குப் பதில் தெரியும். பல கருவிகளில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படம் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும். விமர்சனத்துக்கும் திறனாய்வுக்கும் ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள்வதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஒளியமைப்பைப் பற்றி எழுதுகிறவர் அந்த ஒளியை வாசகருக்குக் காட்டச் சட்டத்தில் இடமுண்டு, கருவியில் இடமில்லை. நாடாளுமன்றம் தந்த உரிமையை ஒரு நிறுவனத்தின் நிரல் பறித்துக்கொள்கிறது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய மன்றம் ஏதுமில்லை.

பூட்டு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். படம் நம் வீட்டுக்கு மறையாக்கம் செய்யப்பட்டு வருகிறது. அதை அவிழ்க்கும் சாவியை, நம் கருவிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு மூடிய நிரலிடம் சேவை நிறுவனம் ஒப்படைக்கிறது. குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் அந்த நிரலின் பெயர் வைட்வைன். அதை உருவாக்கிய நிறுவனத்தைக் கூகுள் 2010இல் வாங்கியது. மைக்ரோசாஃப்டிடம் பிளேரெடி, ஆப்பிளிடம் ஃபேர்பிளே. வைட்வைனில் படிநிலைகள் உண்டு. சாவியும் படமும் வன்பொருளின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே கையாளப்பட்டால் எல்1, மென்பொருள் அளவில் மட்டும் நடந்தால் எல்3. லினக்ஸ் கணினிக்குப் பொதுவாக வாய்ப்பது எல்3தான். எனவே, உயர்ந்த சந்தா கட்டியவராக இருந்தாலும் லினக்ஸில் பார்த்தால் பல சேவைகள் தெளிவு குறைந்த படத்தையே அனுப்புகின்றன.

கட்டற்ற மென்பொருளில் கருவியின் கடைசி வார்த்தை பயனருடையது. டிஆர்எம் என்பது பயனரை நம்பாத ஏற்பாடு. பயனர் மாற்றக்கூடிய நிரலுக்குள் பயனருக்கு எதிரான ரகசியத்தை ஒளித்துவைக்க முடியாது. ஆகவே எந்தத் திறமூல மென்பொருளும் இந்தப் பூட்டைத் தானே எழுதிக்கொள்ள இயலாது. யாரோ எழுதிய மூடிய துண்டு ஒன்றை அருகே வைத்துக்கொள்ளத்தான் முடியும். விவாதமெல்லாம் அந்தத் துண்டை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதைப் பற்றியதே.

டிவிடி காலத்தில் இந்த நிர்ப்பந்தம் இல்லை. 1999இல் டிவிடியின் மறையாக்கத்தை அவிழ்க்கும் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் வெளிவந்தது. அதில் பங்கேற்ற நார்வேச் சிறுவன் யோன் லெக் யோஹான்சன்மேல் வழக்குத் தொடுத்தார்கள். தன் காசில் வாங்கிய வட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று 2003இல் நார்வே நீதிமன்றங்கள் இருமுறை அவரை விடுவித்தன. அதே நிரலை வெளியிட்டதற்காக ‘2600’ என்ற அமெரிக்க இதழுக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2000இல் தடை விதித்தது. பாரிஸில் 1996இல் மாணவர் திட்டமாகத் தொடங்கிய விஎல்சி என்ற கட்டற்ற மீடியா மென்பொருளின் குழு, டிவிடியைத் திறக்கும் நிரலகத்தைத் தானே எழுதி வெளியிட்டது. வணிக வட்டுகளுக்கு இடம்கொடுப்பதென்றால் யாரிடமும் அனுமதி கேட்காமல் சொந்த நிரலால் அவற்றைத் திறந்து காட்டுவது என்றுதான் அன்று பொருள். ஓடிடி அந்தப் பாதையை அடைத்துவிட்டது. வட்டு நம் கையில் இருந்தது. ஓடிடியில் கணக்கும் சாவியும் அவர்கள் வழங்கியில் இருக்கின்றன.

புதிய நிலைமையில் என்ன செய்யலாம் என்பதற்கு ‘கோடி’ என்னும் மீடியா மென்பொருள் நல்ல சான்று. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸில் படம் பார்ப்பதற்காகத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கியது அது. எக்ஸ்பிஎம்சி என்ற பழைய பெயரை 2014இல் மாற்றிக்கொண்டது. அதை மலிவான டிவி பெட்டிகளில் ஏற்றி, திருட்டுப் படங்களைக் காட்டும் துணைநிரல்களையும் சேர்த்து, எல்லாம் இலவசம் என்று கூவி விற்ற வியாபாரிகள் பெருகினார்கள். கெட்ட பெயர் மென்பொருளை எழுதியவர்களுக்கு வந்தது. 2015இல் அமேசான் தன் செயலிக் கடையிலிருந்து கோடியை நீக்கியது. அத்தகைய பெட்டிகளை விற்பதே பதிப்புரிமை மீறல் என்று 2017 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டப்படி காசு கட்டிப் பார்க்க வழியிருந்தால் திருட்டுப் பெட்டியின் மவுசு குறையும் என்று கோடி குழுவினர் கருதினார்கள். 2019 ஜனவரியில் வந்த 18ஆம் பதிப்பு பூட்டிய படங்களை ஓட்ட வழிசெய்தது. அதைச் செய்த முறைதான் கவனிக்கத்தக்கது. கோடியின் மூலநிரலில் வைட்வைன் கிடையாது. பயனர் கேட்டால் மட்டும் ஒரு துணைநிரல் அதைத் தனியே தேடி எடுத்துவரும். ராஸ்ப்பெரி பை போன்ற சிறு கணினிகளுக்கு நேரடி வழி இல்லாத காலத்தில், குரோம்புக்கின் முழு இயங்குதளத்தையும் தரவிறக்கி, அதிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் உருவி எடுக்க வேண்டியிருந்தது. காசு கட்டிய சந்தாதாரர், தான் காசு கட்டிய படத்தைப் பார்க்க, இத்தனை சுற்று.

சேவைகள் இதற்கு ஒத்துழைத்தனவா? 2008இல் வெளியார் நிரல்களுக்காக நெட்ஃப்ளிக்ஸ் திறந்துவைத்த பொது இடைமுகத்தை அது 2014 நவம்பரில் மூடிவிட்டது. இன்று கோடியில் ஓடும் பெரிய சேவைகளின் துணைநிரல்கள் பலவற்றைச் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான் எழுதுகிறார்கள். நிறுவனம் தன் பக்கத்தில் எதையாவது மாற்றும்போதெல்லாம் துணைநிரல் படுத்துவிடும். யாரோ ஒருவர் இரவு கண்விழித்துச் சரிசெய்வார். லாபம் நிறுவனத்துக்கு, உழைப்பு தன்னார்வலருக்கு. இடம்கொடுப்பதை ஆதரிக்கும் நாமும் இதைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது. ஒருமுறை வளைந்துகொடுத்தால் பூட்டே விதியாகிவிடும் என்றார்கள், ஆகிவிட்டது. உலாவிகளில் டிஆர்எம்முக்கான இடைமுகத்தை 2017 செப்டம்பரில் வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதிகாரபூர்வப் பரிந்துரையாக்கியது. வாக்களித்த உறுப்பினர்களில் 58 விழுக்காட்டினரே ஆதரித்தார்கள். எண்ணிம உரிமைகளுக்காகப் போராடும் மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை அன்றே சேர்த்தியத்திலிருந்து விலகியது. இடைமுகம் எல்லோருக்கும் பொது என்றாலும் அதற்குள் பொருத்தும் பூட்டு சில நிறுவனங்களின் உடைமை. மெட்டாஸ்ட்ரீம் என்னும் திறமூலத் திட்டம் வைட்வைன் உரிமம் கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, 2019இல் கூகுளிடமிருந்து இல்லை என்ற பதிலைப் பெற்றது. புதிய உலாவி எழுத விரும்புகிறவர் போட்டியாளரின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. வளைந்துகொடுத்ததால் மொசில்லா தழைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஃபயர்பாக்ஸின் பங்கு அதன் பிறகும் சரிந்துகொண்டேதான் வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் இடம்கொடுக்கலாம் என்று ஏன் சொல்கிறோம்? மறுப்பின் சுமை நிறுவனத்தின் மேல் விழுவதில்லை. அது லினக்ஸை விரும்பி நிறுவியவரின் தலையில் விழுகிறது. வீட்டில் படம் பார்க்கக் கேட்டால் அவர் ஒரு ஸ்மார்ட் டிவியையோ மூடிய பெட்டியையோ வாங்கிவைப்பார். அந்தப் பெட்டியின் யோக்கியதை தெரிந்ததே. விசியோ நிறுவனத்தின் 1.1 கோடி டிவிகள் வீட்டுக்காரர்கள் பார்ப்பதையெல்லாம் அவர்களின் உரிய சம்மதமின்றிக் குறித்து அனுப்பின. 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை நிறுவனம் முடித்துக்கொண்டது. ஒரு மூடிய துண்டுக்கு அஞ்சி முழுக்க மூடிய கருவியிடம் மக்களை ஒப்படைப்பதால் யாருடைய சுதந்திரமும் வளரப்போவதில்லை. சேமித்த குடும்பப் படங்களும் பழைய பாடல்களும் திறந்த சேவைகளும் பூட்டிய சேவைகளும் ஒரே திரையில், பயனரின் ஆளுகைக்குள் இருப்பது மேல்.

அந்த ஆளுகை நிலைக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, மூடிய துண்டு மென்பொருளின் பகுதியாக வரக்கூடாது. பயனர் கேட்ட பிறகே வர வேண்டும், என்ன செய்கிறது என்ற எச்சரிக்கையோடு வர வேண்டும், நீக்கினால் தடமின்றிப் போக வேண்டும். இரண்டாவது, பயனரின் உரிமையைக் குறைக்கவோ பாதுகாப்புக் குறைகளை ஆராய்பவரின் வாயை அடைக்கவோ கோரும் எந்த ஒப்பந்தத்திலும் திட்டம் கையெழுத்திடக்கூடாது. அதனால் ஒரு சேவை கிடைக்காமல் போனால் போகட்டும். மூன்றாவது, வணிகச் சேவைகளுக்கான துணைநிரல்களுக்காகத் திறந்த வடிவங்களும் பூட்டற்ற மூலங்களும் பின்வரிசைக்குத் தள்ளப்படக்கூடாது. கோடியும் ஃபயர்பாக்ஸும் முதல் நிபந்தனைக்கு அருகில் நிற்கின்றன. மொசில்லா அந்தத் துண்டைத் தனிக்கூண்டில் அடைத்து ஓட்டியது. டிஆர்எம் இல்லாத பதிப்பையும் கொடுத்தது.

பூட்டு இல்லாவிட்டால் கலைஞர்களின் பிழைப்பு கெடும் என்ற வாதத்துக்கு இசைத்துறை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 2007இல் இஎம்ஐ நிறுவனம் தன் பாடல்களைப் பூட்டின்றி விற்க முன்வந்தது. 2009இல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை பாடல்கள் அனைத்திலிருந்தும் பூட்டை எடுத்தது. பாட்டு விற்பது நின்றுவிடவில்லை. மறுபுறம், இத்தனை பூட்டுகளையும் தாண்டி ஓடிடி படங்கள் வெளியான நாளிலேயே திருட்டுத் தளங்களில் கிடைக்கின்றன. திருடுபவரை இந்தப் பூட்டு தடுக்கவில்லை. பணம் கட்டியவரைத்தான் அது எந்தத் திரையில், எந்தத் தெளிவில் பார்ப்பது என்று கட்டளையிடுகிறது.

சட்டத்தையும் இங்கே பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை மீறும் நோக்கம் இல்லாவிட்டாலும் பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்புவதைத் தடுக்கிறது. இந்தியா 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு அவ்வளவு கடுமையானது அன்று. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம். இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகத் திறப்பதற்கு அப்பிரிவே இடம் விட்டுவைத்திருக்கிறது. வணிக ஒப்பந்தங்களின் பெயரால் அமெரிக்க விதியை இங்கே இறக்குமதி செய்யும் பேச்சு எழுந்தால், எழுத்தாளர்களும் நூலகர்களும் திரைப்படச் சங்கத்தினரும் எதிர்த்தாக வேண்டும்.

அப்படி எதிர்க்க நமக்குக் காரணம் இருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் (1931) பிரதி இன்று இல்லை. நடராஜ முதலியாரின் கீசக வதமும் அழிந்துபோயிற்று. போதிய பிரதிகள் பலர் கையில் இல்லாததால் போனவை அவை. ஓடிடிக்கென்றே எடுக்கப்படும் படங்கள் பலவற்றுக்கு வட்டும் இல்லை, சுருளும் இல்லை. 2024 ஜனவரியில், எதிர்ப்புக் கிளம்பியதும் ‘அன்னபூரணி’ நெட்ஃப்ளிக்ஸிலிருந்து மறைந்தது. அந்தப் படத்தைப் பற்றி நம் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். பார்க்கலாமா என்ற முடிவு பார்வையாளர் கையில் இல்லை. அச்சிட்ட ஒவ்வொரு நூலுக்கும் ஒரு படியைச் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் சட்டம் 1954 முதல் இருக்கிறது. ஓடிடி படங்களின் பூட்டற்ற படி ஒன்றும் பொதுக் காப்பகத்தில் சேர வேண்டும் என்று நாம் கோருகிறோம்.

மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள், சேவைகளை உள்ளே விடுங்கள், அவற்றின் பூட்டை உங்கள் நிரலுக்குள் விடாதீர்கள் என்பதே. வாசகர்களுக்கு ஒன்று. விஎல்சியையும் கோடியையும் நடத்துவது லாப நோக்கமற்ற அமைப்புகள். அவை நன்கொடையை நம்பி இருக்கின்றன. ஓடிடிகளுக்கு மாதந்தோறும் கட்டும் சந்தாவில் ஒரு மாதத் தொகையை ஆண்டுக்கு ஒருமுறை அவற்றுக்கு அனுப்புங்கள்.