அம்மாவின் பெயரால் ஓர் உபயம்

காலமான தாயின் பெயரால் தர்மம் செய்வது மதுரை மக்களுக்குப் புதிதல்ல. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரை நெடுகிலும் நீர்மோர்ப் பந்தல்களைக் காணலாம். பந்தலில் ஒரு தாயின் பெயர் எழுதியிருக்கும். கோவில் மணியிலும் குழல் விளக்கிலும்கூட "உபயம்" என்று ஒரு பெயர் இருக்கும். பெற்றவளை மறவாத பிள்ளைகளின் நன்றிக் கடன் அது.

ஆனால், கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே "நீ யாரப்பா?" என்று கேட்ட தாய்மார்களும் உண்டு. அப்படிப்பட்ட தாய்க்குச் செய்யவேண்டிய தர்மம் இன்னொன்றும் இருக்கிறது. அவளை வாட்டிய வியாதியைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கை கொடுப்பதே அது.

வயதின் கோளாறா?

அடுப்பில் உலை வைத்ததை மறந்துவிடுகிறாள்; சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்கிறாள்; பிறந்த ஊரிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறாள். "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

இது வயதின் கோளாறு அல்ல. மூளையைத் தாக்கும் வியாதி. டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்லும் மறதி நோய். அதில் முக்கியமான ஒரு வகையை 1906-ம் ஆண்டில் ஜெர்மானிய டாக்டர் ஆல்ஸைமர் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அவர் ஆராய்ந்தது ஆகஸ்ட் டேட்டர் என்ற பெண்ணின் மூளையை. அவளும் ஒரு மகளைப் பெற்ற தாய்தான்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது அதிகம். படிப்பின்மையும் இந்நோய்க்கு இடம் கொடுக்கும் காரணங்களில் ஒன்று. அண்ணன் தம்பிகள் பள்ளிக்கூடம் போக, களையெடுக்கப் போன சிறுமிதான் இன்றைய பாட்டி. அன்று அவளுக்கு மறுத்த எழுத்து, முதுமையில் இப்படியும் வட்டி கேட்கிறது.

கண் கண்ட உதாரணம்

"வயதானால் கண் மங்கத்தான் செய்யும்" என்று ஒரு காலத்தில் இதே மக்கள் சொன்னார்கள். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கிராமம் கிராமமாக முகாம்கள் நடந்தன. விதி என்று நினைத்தது வியாதி என்று தெரிந்தது. வியாதிக்குச் சிகிச்சை உண்டு என்றும் தெரிந்தது.

மறதி நோயைப் பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது கேளாமை, தனிமை முதலிய 14 காரணங்களைக் கவனித்தால், பாதிக்குச் சற்றுக் குறைந்த அளவு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி உண்டு என்று 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு கூறியது. கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இவையெல்லாம் ஆராய்ச்சியால் தெரிந்தவை.

இங்கே ஏன்?

"மேல்நாட்டார் கண்டுபிடிக்கட்டுமே" என்று சிலர் கேட்கலாம். எழுதச் சொல்லியும் கடிகாரப் படம் போடச் சொல்லியும் ஞாபக சக்தியைச் சோதித்தால், கைநாட்டு வைக்கும் பாட்டி நோய் இல்லாமலே தோற்றுப்போவாள். படிக்காதவர்களுக்கும் பொருந்தும் சோதனை வேண்டும்.

இதற்கு வழி தேடிய "10/66" ஆராய்ச்சிக் குழு 1998-ல் கொச்சியில் பிறந்தது. நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் ஏழை நாடுகளில். அங்கே நடந்த ஆராய்ச்சியோ 10 சதவிகிதத்துக்கும் குறைவு. பெயரின் பொருள் இதுதான். சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் அக்குழு ஆய்வு நடத்தியது.

கொச்சியில் இதற்கு முன்பே ஒரு விதை ஊன்றப்பட்டிருந்தது. தம் தந்தை இந்நோயால் துன்புற்றதைக் கண்ட டாக்டர் ஜேக்கப் ராய், 1992-ல் அங்கே அகில இந்திய ஆல்ஸைமர் நோய்ச் சங்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. ஒரு வீட்டின் கண்ணீர் பல வீடுகளுக்கு விளக்காயிற்று.

ஒரு பங்கு போதும்

அன்னதானத்தை நிறுத்த வேண்டாம். மோர்ப் பந்தலும் இருக்கட்டும். திதிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கு எடுத்து வைத்தால் போதும். வசதி உள்ளவர்கள் மருத்துவக் கல்லூரியில் தாயின் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவி, மேலூர், உசிலம்பட்டிக் கிராமங்களில் இந்நோயை ஆராயும் இளம் டாக்டருக்கு உதவலாம்.

பணம் இல்லாதவர்களும் உதவலாம். நோயை மறைக்காமல் டாக்டரிடம் சொல்வதே முதல் உதவி. ஆய்வுக்கு வருகிறவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து, உள்ளதை உள்ளபடி சொல்வது இன்னோர் உதவி. மனம் துணிந்தவர்கள் இறந்தபின் மூளையைத் தானம் செய்யலாம். அதை ஏற்று ஆராய பெங்களூர் நிம்ஹான்ஸில் மூளை வங்கி இருக்கிறது.

பலன் உடனே கிடைக்காது. இன்று தருகிறவரின் தாய்க்கு அது உதவாது. பேரப் பிள்ளைகளின் தாய்க்கு உதவலாம். புளியங்கன்று நட்டவன் நிழலுக்காகவா நட்டான்? பிள்ளைகள் முன்வர வேண்டும்.