வானமும் ஊர்ப்பொதுவே

செஞ்சிக் கோட்டையிலுள்ள கல்யாண மகால் பல அடுக்குகள் கொண்டது. எனினும் அது இராஜகிரியை மறைக்கவில்லை. மலையடியில் அடக்கத்துடன் நிற்கிறது. உயரம் குற்றமன்று, உயரத்திற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உள்ள சான்று இது.

சென்னையில் 1959ஆம் ஆண்டு எழுந்த எல்.ஐ.சி. கட்டடத்தை நம் பெரியோர் அண்ணாந்து பார்த்து வியந்தனர். இன்று அந்நகரம் ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கு நோக்கி நீண்டு வருகிறது. திண்டிவனமும் விழுப்புரமும் அச்சாலையிலேயே அமைந்துள்ளன.

விளைநிலங்களையும் ஏரிகளையும் விழுங்கிப் பரவுவதைவிட மேல்நோக்கி வளர்வது நன்றென்றே நாம் கருதுகிறோம். ஆனால், தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றையே உயரமான கட்டடங்கள் என வகுத்துக் கூடுதல் நிபந்தனைகள் விதிக்கின்றன. நம் ஊர்களின் கோபுரத்தையும் மினாராவையும் மறைப்பதற்கு அதனினும் குறைந்த உயரமே போதுமே!

எனவே, எங்கே உயரலாம், எங்கே தாழ்ந்து நிற்க வேண்டும் என்பதை நகராட்சிகள் மக்களைக் கேட்டு இப்பொழுதே வரையறுத்தல் வேண்டும். அதனைக் கேட்கும் குரல் நம் மாணவரிடமிருந்து எழட்டும். மனை, வாங்கியவருக்குச் சொந்தமாகலாம். அதன் மேலுள்ள வானம் ஊரார் அனைவருக்கும் சொந்தம்.