வீட்டில் புகும் பாம்பும் களஞ்சியத்து எலியும்

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் நஞ்சையில் நெல்லும் கரும்பும், புஞ்சையில் இப்பக்கத்தார் மல்லாட்டை என வழங்கும் மணிலாக்கொட்டையும், செம்மண் மேடுகளில் முந்திரியும் விளைகின்றன. ஆதலால் வருஷத்தில் எம்மாதத்தை எடுத்துக்கொண்டாலும், ஏதேனுமொரு தானியமோ வித்தோ குடியானவர் வீட்டில் மூட்டையாகவோ குவியலாகவோ இல்லாமலிராது. அம்மூட்டைகளின் அருகிலேயே பாய் விரித்துக் குழந்தைகளும் பெரியோரும் உறங்குவதும் வழக்கம். ஓரிரவு கூடத்திற் பாம்பொன்று காணப்பட்டால் வீடே கலங்குகிறது. கம்பும் கடப்பாறையும் தேடப்படுகின்றன. பாம்பு அடிபட்டுச் சாகிறது, அல்லது தப்பி இருளில் மறைகிறது. மறுநாள் புற்றுக்குப் பால் வார்க்கப்படுகிறது. அத்துடன் காரியம் முடிந்ததாக எண்ணப்படுகிறது. அப்பாம்பு ஏன் வந்தது என்று ஆராய்வார் மிகச் சிலரே. அடுத்த மழையில் வேறொரு பாம்பு அவ்வழியே வருவதற்கும் காரணம் இதுவே.

இஃது அற்ப விஷயமன்று. இந்தியாவில் 2000 முதல் 2019 முடியவுள்ள இருபது வருஷங்களில் பாம்புக்கடியால் மாண்டோர் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்திற்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. 2011-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியின்படி, இவ்வாறு இறந்தோரில் நூற்றுக்கு 97 பேர் கிராமவாசிகள்; நூற்றுக்கு 77 பேர் வைத்தியசாலைக்கு வெளியே உயிர்விட்டவர்கள். புயலையும் வறட்சியையும் தடுக்கக் குடியானவரால் இயலாது. இந்த நஷ்டமோ பெரும்பாலும் தடுக்கத்தக்கது.

பாம்பு வரும் காரணம்

பாம்பு மனிதரைத் தேடி வீட்டிற்குள் வருவதில்லை. அது எலியைத் தேடி வருகிறது. எலி தானியத்தைத் தேடி வருகிறது. நல்ல பாம்பு எலி, தேரை இவற்றுடன் கோழிக்கூட்டிலுள்ள முட்டையையும் குஞ்சையும் நாடும். கட்டுவிரியன் இரவில் மாத்திரம் நடமாடுவது. சுண்டெலி, பல்லி, அரணை, சிறு பாம்புகள் ஆகியவற்றைத் துரத்திக்கொண்டு சுவர் வெடிப்பின் வழியாகவும் கதவின் கீழ்ச் சந்தின் வழியாகவும் உள்ளே நுழையும். கண்ணாடி விரியன் வீட்டினுள் வருவது அரிது. எனினும் வாசலண்டை வைக்கோற்போரும் விறகுக் குவியலும் இருப்பின் அங்கே தங்கும். மழைக்காலத்தில் இவ்வாபத்து மிகுகிறது. கடலூர் ஜில்லாவில் 2015-ம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நேர்ந்தது போன்ற வெள்ளக்காலத்தில் வளைகளில் நீர் புகுவதால், எலியும் பாம்பும் ஒருங்கே மேட்டைத் தேடுகின்றன. கிராமத்தில் மேடான இடமாவது வீடிருக்கும் இடமேயன்றோ?

ஆகவே பாம்பினால் விளையும் ஆபத்து உண்மையில் தானியத்தை வைக்கும் முறையினால் விளையும் ஆபத்தேயாகும். களஞ்சியத்தைத் திருத்தாமல் கம்பை எடுப்பது, மடையைத் திறந்துவிட்டு நீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.

கொல்வதால் விளையும் கேடு

பாம்பைக் கொல்வதால் எலி குறைவதில்லை, பெருகுகிறது. வரப்பிலும் வைக்கோற்போரிலும் காணப்படும் சாரைப்பாம்பு விஷமற்றது. எலியைத் தின்று குடியானவனுக்குக் கூலியின்றி உழைப்பது. அதனை நாகமென்று மயங்கி அடித்துக் கொல்வோர் தம் நெல்லைத் தாமே எலிக்குத் தத்தம் செய்கின்றனர். அன்றியும், 1972-ம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாம்புகளைக் கொல்லுதல் குற்றமாகும்.

குழந்தைகள் உறங்கும் அறையில் நாகத்தைக் கண்ட தகப்பனிடம் சட்டத்தையும் எலியையும் பற்றிப் பேசுவதாற் பயன் என்ன என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் அத்தகப்பனுக்குச் சொல்லவேண்டிய முதற் காரணம் சட்டமன்று, அவனுடைய உயிரே. கம்பால் அடிக்க விரும்புவோன் பாம்பை நெருங்கியே ஆகவேண்டும். விலகிப் போக வழியிருக்கையில் ஒதுங்கியோடும் பாம்பு, மூலையில் நெருக்கப்பட்டும் அரைகுறையாய் அடிபட்டும் கிடக்கையில் திரும்பிக் கடிக்கிறது.

பாம்பைப் பற்றி நன்கறிந்தவர் இருளரைப் போல் வேறொருவரில்லை. அவர்கள் முன்னாளிற் பாம்புத்தோல் வியாபாரத்திற்காகப் பாம்பு பிடித்து வந்தனர். அவ்வியாபாரம் தடைப்பட்ட பின்னர், 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் நடைபெறும் இச்சங்கத்தார் பாம்பை உயிருடன் பிடித்து, விஷத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மீண்டும் வெளியில் விட்டுவிடுகின்றனர். அவ்விஷத்தைக் கொண்டே பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கப்படுகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பாம்பை நன்கறிந்தவர் அதனை அடிப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வீட்டிற் செய்யத்தக்கவை

1. தானியத்தை உறங்கும் அறையில் வைத்தலாகாது. வேறு அறையில்லாத வீட்டில், மூட்டைகளைத் தரையிலும் சுவரோரத்திலும் சார்த்தாமல், பலகை மேல் அடுக்கி, அடியிற் கூட்டிப் பெருக்க இடம் விடுதல் வேண்டும். பத்தாயம், குதிர் இவற்றின் வாய் எலி புகாதவாறு மூடப்படுதல் அவசியம்.

2. எலிவளைகளையும் சுவர் வெடிப்புக்களையும் செங்கற்றுண்டும் சிமெண்டுச் சாந்தும் இட்டு அடைத்தல் வேண்டும். நீர்த்தாரைக்குக் கண் நெருங்கிய கம்பிவலை பொருத்துவதும், கதவின் கீழ்ச் சந்தைப் பலகையால் மறைப்பதும் சிறு செலவில் முடிவன.

3. எலியைப் பிடிக்க வயலில் வைக்கப்படும் தஞ்சாவூர்க் கிட்டியும் வீட்டில் வைக்கும் எலிப்பொறியும் ஏற்றவை. விஷமிட்ட தீனி கோழிக்கும் நாய்க்கும் குழந்தைக்கும் தீங்கு விளைக்குமாதலால், அதை வீட்டினுள் வையாதிருத்தல் நலம்.

4. வைக்கோற்போர், விறகு, வறட்டி, உடைந்த ஓடு ஆகியவை வீட்டுச் சுவரை ஒட்டி இருத்தலாகாது. கோழிக்கூடு வீட்டிற்குச் சற்று விலகி, தரைக்கு மேலே உயர்த்தி அமைக்கப்படவேண்டும்.

5. கட்டிலின் மேல் உறங்குதலும், கொசுவலை கட்டி அதன் ஓரத்தைப் பாயின் கீழ்ச் செருகுதலும் எல்லாவற்றினும் சிறந்த காப்பு. கொசுவலைக்குள் உறங்குவோர் பாம்புக்கடிக்கு உள்ளாவது குறைவென்பது நேபாளத்துத் தென்பகுதிக் கிராமங்களில் ஆராயப்பட்டு 2007-ல் வெளியாயிற்று. கட்டிலில்லாதார் தரையிற் படுப்பினும் வலையைச் செருகிக்கொள்ளலாம்.

6. இருளில் வெளிச் செல்வோர் கைவிளக்கின்றிச் செல்லலாகாது. வறட்டியையும் விறகையும் எடுக்கும்போது முதலிற் கோலால் தட்டிப் பார்த்தல் வேண்டும்.

வெள்ளைப்பூண்டைக் கரைத்துத் தெளித்தாலும், சிறியாநங்கைச் செடியை வாசலில் நட்டாலும் பாம்பு அணுகாதென்பர். இவற்றை நம்பி மேற்கூறியவற்றைக் கைவிடுவோர் காவலில்லாத வீட்டில் நிம்மதியாக உறங்குவோரே ஆவர்.

பாம்பு உள்ளே காணப்பட்டால்

முதலிற் குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றுதல் வேண்டும். ஒருவர் மாத்திரம் எட்ட நின்று பாம்பு செல்லும் இடத்தைக் கண் மறையாமல் நோக்கியிருக்க, மற்றொருவர் தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறையினருக்கோ தெரிவிக்கலாம். தீயணைப்பு நிலையத்தாரைத் தொலைபேசியில் 101 என்னும் எண்ணில் அழைக்கலாம். அவர் வருமளவும் அறைக்கதவை மூடி, கீழ்ச் சந்தைத் துணியால் அடைத்துவைப்பது போதும். கட்டுவிரியனைப் போன்றே உடலிற் பட்டைகளையுடைய விஷமற்ற பாம்பொன்றும் வீடுகளில் சுவரேறித் திரிவதுண்டு. விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறிவது பழகாதார்க்கு அரிதாகையால், எதையும் கையால் தொடலாகாது.

கடி நேர்ந்தால்

கட்டுவிரியனின் கடி பெரும்பாலும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதில்லை. பற்குறியும் கண்ணுக்குப் புலப்படாதிருக்கலாம். கடியுண்டவர் எறும்பு கடித்ததென எண்ணி மீண்டும் உறங்கிவிடுவதுண்டு. தரையில் உறங்கிய ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை சரிதல், பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை ஆகியவற்றுடன் எழுந்திருப்பின், பாம்பைக் காணாவிடினும் பாம்புக்கடியெனச் சந்தேகித்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

கடிவாயைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் தீமையே செய்யும். கடியுண்ட அங்கத்தை எலும்பு முறிந்தாற்போல் அசையாது சிம்பு வைத்துத் தளர்வாகக் கட்டி, ஆறுதல் கூறி, நடக்கவிடாமல் 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ விரைந்து செல்லவேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் மருந்து ஒன்றேயாகையால், பாம்பைத் தேடிக் கொன்று எடுத்துச் செல்ல வேண்டுவதில்லை. அத்தேடலிற் கழியும் நேரம் நோயாளியின் ஆயுளிற் கழியும் நேரமாகும்.

மந்திரித்துப் பிழைத்தாரென்று காட்டப்படுவோர் பலர். விஷமற்ற பாம்பு கடித்தாரும், விஷப்பாம்பு கடித்தும் விஷம் உட்செல்லாதாரும் தாமே பிழைப்பர். மந்திரத்திற்கு வரும் புகழ் அவர்களால் வருவது; விஷம் ஏறியவருக்கு அப்புகழ் உதவுவதில்லை.

ஊரார் கடமை

உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் பாம்புக்கடி நோயைக் கவனிக்கப்படாத நோய்களின் வரிசையிற் சேர்த்தது. இம்மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் திட்டமொன்றை இந்திய அரசாங்கம் 2024-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வெளியிட்டது. அவ்வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம், ஒவ்வொரு பாம்புக்கடியையும் வைத்தியசாலைகள் தெரிவிக்கவேண்டுமென அறிவித்தது. இவை போற்றத்தக்கனவே. எனினும் தெரிவிப்பது கடி நேர்ந்த பின் நிகழ்வது. காப்பு கடிக்கு முன் வேண்டப்படுவது.

மேலே கூறிய யோசனைகளில் ஒன்றை மறைத்தல் தகாது. தானியத்திற்குத் தனியறை வைத்தலும் கட்டில் வாங்குதலும் சொந்த நிலமும் ஓட்டுவீடும் உடையவருக்கு எளிது. ஒற்றை அறைக் குடிசையில், கூலியாகக் கிடைத்த நெல்லைத் தலைமாட்டில் வைத்து உறங்கும் உழவுத் தொழிலாளிக்கு அவை எளிதல்ல. கடிபடுவோரிற் பெரும்பாலாரோ இத்தகையோரே. ஆதலால் அவரை அஜாக்கிரதையுள்ளவரெனக் குறை கூறுவதை விடுத்து, பஞ்சாயத்துக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். ஒருவர் இறப்பதால் அக்குடும்பம் இழக்கும் உழைப்போடும், பிழைத்தவர் சிகிச்சைக்காகப் படும் கடனோடும் ஒப்பிட்டால், ஒரு கட்டிலின் விலை எவ்வளவு? அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் மருந்தும் வைத்தியரும் இருக்கின்றனரா என்பதை மழைக்காலத்திற்கு முன்னரே கேட்டறிந்து, இல்லையெனிற் கேட்டுப் பெறுவதும் ஊராரின் பொறுப்பே.

விதை வாங்கவும் எரு வாங்கவும் பருவமறிந்து முயலும் குடியானவர்கள், ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாளை வீட்டின் வளையடைப்புக்கும் மூட்டை மாற்றுதலுக்கும் ஒதுக்குவாராயின், எலி தின்னும் நெல்லும் மிஞ்சும். உறங்கும் பிள்ளையின் உயிரும் காக்கப்படும்.