ஐம்பதில் வளையும் விரல்கள்



படித்து முடித்த பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போவது பென்னாகரம் பகுதிக்குப் புதிதன்று. அவர்களோடு ஆலயத்தின் இசையும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறது என்பதைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை. பாடற்குழுவில் கீபோர்டு வாசித்த பையனுக்கு வேலை கிடைத்தது என்று மகிழ்கிறோம். அடுத்த ஞாயிறு முதல் அந்தப் பெட்டி துணி போர்த்தப்பட்டுப் பீடத்துக்குப் பின்னுள்ள அறையின் மூலையில் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் விடுப்பில் அவன் வந்தால் துணி விலகும். இல்லையேல் அதுவும் இல்லை.

ஊரிலேயே தங்கிவிடுவோர் யார்? நாற்பதைக் கடந்த தாய்மார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நிலத்தை விட்டு நகர முடியாத குடும்பத் தலைவர்கள். இவர்களுள் சிலர் அண்மைக் காலமாக நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “சாமி, கைபேசியிலேயே பியானோ சொல்லிக் கொடுக்கிறாங்களாமே, எங்களுக்கும் வருமா?” கேட்டுவிட்டு, நாம் வாய் திறக்குமுன்பே, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழியையும் தாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள். வயதைக் காட்டிலும் அந்தச் சிரிப்பில் உள்ள கூச்சமே பெரிய தடை என்பது நம் எண்ணம்.

இக்கூச்சம் மிகப் பழையது. கிரேக்க ஞானி சாக்ரடீஸ் வயது சென்ற பின் கொன்னோஸ் என்னும் ஆசிரியரிடம் யாழ் பயிலப் போனதாகப் பிளேட்டோ தம் ‘யூத்திடேமஸ்’ என்னும் உரையாடலில் எழுதியுள்ளார். உடன் பயின்ற சிறுவர்கள் அவரைக் கண்டு நகைத்தார்களாம். ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை, கிழவர்களுக்குப் பாடம் சொல்பவர் என்று அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினார்களாம். சாக்ரடீஸ் என்ன செய்தார்? வேறு சில முதியவர்களையும் பேசி இணங்க வைத்துத் தம்மோடு அதே பள்ளிக்கு அழைத்துச் சென்றார்! சிரிப்பவர் முன் தனியாக நிற்பதைவிட நாலு பேராக நிற்பது எளிது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். பங்கில் இருவர் மூவர் சேர்ந்து கற்கத் தொடங்குங்கள் என்று நாம் சொல்வதற்கும் இதுவே காரணம்.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்த இளையராஜா, 1968-இல் சென்னைக்கு வந்த பிறகே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் பயிலத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. மேலை நாடுகளில் அந்த வயதுக்குள் பதினைந்து ஆண்டுப் பயிற்சியை முடித்துவிடுவோர் பலர். அவர் மேதை, நாம் அல்லோம் என்பீர்கள். உண்மைதான். நமக்கு வேண்டியதும் மேதைமையன்று. நற்கருணைப் பாடல் ஒன்றைத் தடுமாறாமல் வாசிக்கும் அளவு திறமையே.

கற்கப் போகும் கருவியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. பியானோவை 1700-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பர்த்தொலோமேயோ கிறிஸ்தோபோரி என்பவர் உருவாக்கினார். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டும்; மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் பேரொலி. இன்றைய பியானோவில் வெள்ளை 52, கறுப்பு 36, ஆக 88 கட்டைகள். நம் ஆலயங்களில் உள்ள கீபோர்டுகளில் பெரும்பாலும் 61 கட்டைகளே இருக்கும். அதாவது ஐந்து ஸ்தாயி. தொடக்கநிலைக் கல்விக்கு அது போதும். ஆனால் விரலின் அழுத்தத்தை உணர்ந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கீபோர்டாக இருத்தல் வேண்டும். வாங்குமுன் கடையிலேயே மெல்லவும் ஓங்கியும் அழுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே ஒலி வந்தால் அது நமக்கு ஆகாது.

ஆர்மோனியம் தெரிந்த பெரியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்மோனியத்தில் வலக்கை பாட, இடக்கை துருத்தியை அசைத்துக்கொண்டிருக்கும். ஆகவே முப்பது ஆண்டு வாசித்தவருக்கும் வலக்கைதான் வித்துவான். இடக்கை நேற்றுப் பிறந்த குழந்தை. பியானோவில் அந்தக் குழந்தைக்கும் சரிபாதி வேலை உண்டு. நம் பகுதியில் தையல் தொழில் செய்யும் 52 வயதுத் தாய் ஒருவர், கையும் காலும் வெவ்வேறு வேலை செய்து பழகியவர்தாம், மூன்றாம் மாதத்தில் மனம் சோர்ந்து நம்மிடம் வந்தார். “வலக்கை போற பக்கமே இடக்கையும் ஓடுது சாமி” என்றார். அது அவர் வயதால் வந்த குறையன்று. பத்து வயதுப் பிள்ளைக்கும் அப்படித்தான் ஓடும். பிள்ளைக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை, அவ்வளவே. ஒவ்வொரு கையையும் தனித்தனியாக, நாணம் வருமளவுக்கு மெதுவாக வாசித்து, பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது மீண்டும் பாதி வேகத்துக்கு இறங்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி எதையும் நாம் கண்டதில்லை.

இனி, கைபேசி வகுப்பைப் பற்றி. பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். மாலை வகுப்புக்குப் பேருந்தில் போய்த் திரும்புவதென்றால் அடுப்படியை யார் பார்ப்பது? ஆகையால் இணையவழி ஆசிரியர் என்பது நம் மக்களுக்கு ஆடம்பரமன்று. பலருக்கு அது ஒன்றே வழி. 2020-இல் ஊரடங்கு வந்தபோது பியானோ ஆசிரியர்கள் உலகெங்கும் திரைக்கு முன் வந்து அமர நேர்ந்தது. லண்டன் டிரினிட்டி கல்லூரியும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். நிறுவனமும் வாசிப்பைப் படம்பிடித்து அனுப்பித் தேர்வு எழுதும் முறையை அவ்வாண்டிலேயே கொண்டுவந்தன. அத்தேர்வுகளுக்கு வயது வரம்பு இல்லை.

ஆனால் திரைவழிப் பாடத்துக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தொலைவில் நின்று பாடுபவரின் குரல் நம்மை வந்தடைய நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். ஏறத்தாழ அந்த அளவைத் தாமதம் தாண்டினால் இருவர் சேர்ந்து தாளம் பிசகாமல் வாசிப்பது கடினம். இணையவழி உரையாடலில் தாமதம் பெரும்பாலும் அதைவிடப் பன்மடங்கு. ஆகவே ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் வாசிக்க இயலாது. ஒருவர் வாசித்து நிறுத்திய பின்னரே மற்றவர் தொடங்க வேண்டும். இதை அறியாதவர்கள் தங்களுக்குத்தான் தாளம் வரவில்லை என்று எண்ணி அழுகிறார்கள். இன்னொன்று: பேச்சுக்கென்று அமைந்த செயலிகள், நீண்டு ஒலிக்கும் சுரத்தை இரைச்சல் என்று கருதி வெட்டிவிடும். ஜூம் செயலியில் அசல் ஒலியை அப்படியே அனுப்பும் வசதி உள்ளது. அதை இயக்கித் தருமாறு வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். கைபேசியை முகத்துக்கு நேரே வைக்காமல், கட்டைகளும் மணிக்கட்டும் தெரியுமாறு பக்கவாட்டில் சற்று உயரமாக வையுங்கள். ஆசிரியர் பார்க்க வேண்டியது உங்கள் விரல்களை.

யூடியூபில் காசின்றிப் பாடம் கிடைக்கும்போது ஆசிரியர் எதற்கு என்பாரும் உளர். வண்ண விளக்குகள் மேலிருந்து விழ விழ அழுத்தச் சொல்லும் காணொளிகளைச் சொல்கிறார்கள். அவற்றைக் கொண்டு ஒரு பாட்டைக் கிளிப்பிள்ளைபோல் வாசித்துவிடலாம். அடுத்த பாட்டுக்கு மறுபடி முதலிலிருந்துதான். அதனினும் கேடு, விறைத்த மணிக்கட்டையும் மடிந்த சுண்டுவிரலையும் காணொளி கண்டிக்காது. தவறான பழக்கம் ஆறு மாதம் ஊறிவிட்டால் களைவது பெரும்பாடு. வாரந்தோறும் இயலாவிடினும் மாதம் இருமுறையாவது கண்ணுள்ள மனிதர் ஒருவர் உங்கள் கையைப் பார்க்கட்டும்.

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான் ஒன்று உள்ளதே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பாடுபவர் “ஒரு கட்டை இறக்குங்க” என்றால், வாசிப்பவர் பொத்தானை அழுத்திவிட்டு விரலை மாற்றாமல் அதே வெள்ளைக் கட்டைகளிலேயே ஓட்டிவிடுகிறார். அவசரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. முன்பாட்டில் இறக்கியதை ஏற்ற மறந்து அடுத்த பாட்டைத் தொடங்கி, பாடற்குழு முழுவதும் திகைத்து நின்ற காட்சிகளும் நம் ஆலயங்களில் இல்லாமலில்லை. தொடக்கநிலையினர் முதல் ஓராண்டு அப்பொத்தானைத் தொடாதிருப்பது நலம். ஒரு கட்டையில் எல்லாம் வெள்ளை. நான்கு கட்டைக்கு மாறினால் ஒரே ஒரு கறுப்புக் கட்டை, ஐந்து கட்டைக்கும் ஒன்றே. இம்மூன்றும் விரலில் ஏறினால், ஞாயிறு வழிபாட்டின் எளிய பாடல்கள் பலவற்றுக்கு அதுவே போதும்.

நாளும் இருபது நிமிடம் வேண்டும். சனிக்கிழமை சேர்த்து வைத்து இரண்டு மணி நேரம் உட்காருவது பயன் தராது. இரவில் ஹெட்போன் போட்டுக்கொண்டால் வீட்டாருக்கும் தொல்லையில்லை, கேட்டுச் சிரிப்பாரும் இல்லை. நாம் முன்பு குறிப்பிட்ட தாய் எட்டாம் மாதத்தில், இடக்கையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரே சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, காணிக்கைப் பாடல் ஒன்றை முழுவதுமாக வாசித்தார். ஓர் இடத்தில் நின்றார். பாடற்குழுவும் நின்றது. பிறகு எல்லாரும் சேர்ந்து தொடர்ந்தார்கள். இப்போது ஐந்து கோட்டு இசைக்குறியைப் படிக்கப் பழகி வருகிறார். அது விரலைவிடக் கடினமாக இருக்கிறதாம்.

சொந்தமாகக் கருவி வாங்க வசதியில்லாதவர்கள் ஆலயத்துக் கீபோர்டிலேயே பயிலலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகலில் ஆலயம் வெறுமையாகத்தான் இருக்கிறது. துணியை விலக்கிக்கொண்டு அமர வேண்டியதுதான். முடித்தபின் மின் இணைப்பைத் துண்டித்து மீண்டும் போர்த்திவிடுங்கள், எலித்தொல்லை உண்டு. அறையின் சாவி உபதேசியாரிடம் இருக்கிறது.